புளிய மரத்தடியில் ஓர் ஓவியம்

பிரெஞ்சு ஓவியர் கமீய் பிஸ்ஸாரோ 1888-இல் எராஞி என்னும் சிற்றூரில் தீட்டிய ஆப்பிள் அறுவடை ஓவியத்தை ஒரு நூலில் கண்டேன். ஆடவன் நீண்ட கழியால் கிளையை உலுக்குகிறான். கீழே பெண்கள் குனிந்து பொறுக்குகின்றனர். வண்ணப் புள்ளிகளாலான நிழல் கண்ணைக் குளிர்விக்கிறது. குனிந்த முதுகின் வலியோ அப்புள்ளிகளுக்குள் மறைந்துபோகிறது. பிறர் உழைப்பைக் கண்டு இன்புறுவது தகுமா?

திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காட்டைக் குறிக்கும் 'திந்திரிணிவனம்' என்பதன் மரூஉ என்பர். ஒரு மாசி மாதம், விழுப்புரம் செல்லும் சாலையோரம் மிதிவண்டியை நிறுத்திவிட்டு, புளி உலுக்குவதை நானும் ரசித்து நின்றேன். பொறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து, "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காலடியிலே புளி கெடக்குது" என்றார். என் செருப்பின்கீழ் அவரது கூலி நசுங்கிக் கிடந்தது.

பிஸ்ஸாரோவைக் குறைகூற மனம் வரவில்லை. நெடுங்காலம் வறுமையில் உழன்றவர். உழவரை அன்போடு நோக்கியவர். காண்பதில் பிழையில்லை, நிற்குமிடம் அறியாது காண்பதே பிழை. இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம் ஒலிவ மரத்தின் அழகைப் பேசவில்லை. ஒருமுறை உதிர்த்தபின் கிளைகளை மீண்டும் துழாவாதே, எஞ்சியவை அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்கிறது. ஏலம் போன சாலைமரத்தில் கைம்பெண்ணுக்கென எஞ்சுவது எது? குருமடத்தில் இவ்வதிகாரத்தைப் படித்தபோது எனக்கு இக்கேள்வி எழவில்லை.

விலகி நின்றேன். பின்னர்க் குனிந்து சில பழங்களைப் பொறுக்கி அவரது கோணியில் இட்டேன்.

"விடுங்க சாமி, அங்கி அழுக்காயிடும்" என்றார்.