பேசாதவரின் சம்மதம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைச் சுட்டி, மக்களாட்சி நமக்குப் புதிதன்று எனப் பெருமை பேசாத மேடை தமிழகத்தில் அரிது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. 30 குடும்புகள், குடவோலை, கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் வாரியத்தில் இடமின்மை ஆகியவை இன்றைய ஊராட்சிகளும் நாணத்தக்க விதிகளே. ஆயினும் ஒருவரது பெயர் ஓலையில் ஏறுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அங்கே ஏர் பிடித்தவனின் பெயர் குடத்தை அணுகவேயில்லை.

பழைய அரசியல் நூலார் இத்தகைய விதிகளையே பயின்று, அமைப்பு செம்மையாயின் ஆட்சியும் செம்மையாகும் என நம்பினர். 1961இல் ராபர்ட் டால் விதிகளை விடுத்து, முடிவெடுக்கும் வேளையில் எவர் சொல் வெல்கிறது என்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆராய்ந்தார். ஒரு பொருள் விவாதத்திற்கே வராதபடி தடுத்து வைப்பதும் அதிகாரமே என மறுத்தனர், மறு ஆண்டில் பக்ரக், பாரட்ஸ் என்னும் இருவர். 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் மேலும் ஒரு படி சென்றார். தன் தாழ்வே இயற்கை என எளியவன் எண்ணுமாறு செய்வதே அதிகாரத்தின் உச்சம் என்றார் அவர்.

இவற்றைச் செங்கல்பட்டு மண் முன்னரே கண்டிருந்தது. 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்பதில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் அவர்களுடையதே. வாய் திறந்தவன் வீடிழப்பான். அத்தகையவனின் மௌனத்தை மனநிறைவு என்பது அறமாகுமா? அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது. அதன்பின்னும் அதே பிரிவினர்க்கன்றி விற்கலாகாது என விதித்தனர். எனினும் நிலங்கள் கைமாறின.

லூக்ஸிடம் எனக்கொரு தடை உண்டு. பிறனுடைய உண்மையான நலன் இன்னதென வரையறுக்க நாம் யார்? பிறர்க்காகப் பேசியே பழகிய எம்போன்ற குருக்கள் அஞ்ச வேண்டிய வினா இது. அச்சம் சற்றே விலகும்போது அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதே இதற்கு நேர்மையான வழி எனத் தோன்றுகிறது. காரணை மக்கள் நூறாண்டு கழித்தும் பஞ்சமி நிலத்தையே கேட்டனர். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். நூறாண்டு மௌனம் சம்மதமாக இருந்திருப்பின் இவர்கள் எதற்காக உயிர் துறந்தனர்?

மாமல்லபுரக் கடற்கரைக் குப்பங்களில், சட்டம் அமைத்த ஊராட்சிக்கு அப்பால் மீனவரின் ஊர்ப் பஞ்சாயத்து நெடுங்காலமாக இயங்கி வருகிறது. வலையும் வழக்கும் குறித்த அதன் தீர்ப்புகளில் நான் மதிக்கும் நுட்பம் உண்டு. ஆனால் மீன் கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்கள் வழக்கமாக அந்தக் கூட்டத்தில் அமர்வதில்லை. அவர்களுக்குக் குறையொன்றும் இல்லை என்று ஆண்கள் சொல்கிறார்கள். நம் பங்குப் பேரவைக் குறிப்பேடுகளிலும் ‘எவரும் மறுக்கவில்லை’ என்ற வரி அடிக்கடி காணப்படுகிறது. மறுக்கக்கூடியவர் எவரேனும் அழைக்கப்பட்டிருந்தனரா என்பதை அவ்வேடுகள் சொல்வதில்லை.