அப்போயின் தலையில் எழுதியது யார்?

சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் எடுத்த 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படத்தில் அப்போய்க்குப் பன்னிரண்டு வயது. 1990களின் தொடக்கம். தோட்ட வாழ்க்கை கலைந்து, பிழைப்புத் தேடி வெளியே வந்த குடும்பம். "படி, படி" என்று அப்பா மணியம் அடிக்கிறார். உறவுக்குள்ளேயே துரை குண்டர் கும்பலில் இருக்கிறார். பாலா போதையில் சீரழிந்தவர். பையனின் கண்ணுக்கு மரியாதையோடு நடமாடும் ஆள் துரை ஒருவர்தான். அவன் அந்தப் பக்கம் சாய்கிறான்.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் சிராயிலும் இப்படிப்பட்ட பையன்களைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு தயாராக இருக்கிறது: "அவன் தலையெழுத்து", "நம்ம பையனுங்களே இப்படித்தான்." ஒன்று விதியின் மேல் பழி, மற்றது பிறப்பின் மேல் பழி. சூழ்நிலையை விசாரிக்காமல் தப்பித்துக்கொள்ள இரண்டுமே உதவுகின்றன.

மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966இல் சிம்மன்ஸுடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துடிப்பதை மாணவிகள் பார்த்தார்கள். துடிப்பு வெறும் நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளைக் காப்பாற்ற வழி கிடைத்தவர்கள் அவளை இழிவாக எண்ணவில்லை. வழியில்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவர்களே அவளை மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்ப விரும்பும் மனம், அநியாயத்தைக் கண்டதும் பாதிக்கப்பட்டவரிடமே குற்றம் தேடுகிறது. முற்பிறவி வினை என்ற நம்பிக்கை இந்தப் பலவீனத்துக்குத் தெய்வீக முத்திரை குத்தித் தருகிறது. அதனால்தான் அதை எதிர்க்கிறேன். பிள்ளை நம் கண்ணெதிரே அடிபடும்போது நம் மனச்சாட்சி கலங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது.

பிறவிக் குணம் என்பவர்கள் கெடாவின் 1947ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். தோட்டத் தமிழன் குடிகாரன் என்பது அன்று துரைமார்களின் முடிந்த முடிவு. பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நடத்தியதே நிர்வாகம்தான். கொடுத்த கூலி அந்த வழியாகத் திரும்பிப் போனது. பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் லாரி ஓட்டுநரான ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கித்தா வெட்டிய அதே கைகள் கள்ளுக்கடையை மறித்து நின்றன. போலீசார் அடக்குமுறையில் இறங்கினார்கள். தொழிலாளர்களின் உயிரும் போனது. மனிதர்கள் அதே ஆட்கள், லயம் அதே லயம். மாறியது, பக்கத்து வீட்டுக்காரன் தன்னிடம் எதை எதிர்பார்க்கிறான் என்பது. குடிக்காதிருப்பது கௌரவமானபோது, பிறவிக் குணம் என்று சொல்லப்பட்டது எங்கே போயிற்று?

"அதே லயத்தில் பிறந்து டாக்டர் ஆனவன் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறான். அவனைத் தட்டிக்கொடுத்த ஆசிரியர் யார், கட்டணம் கட்டியவர் யார், சோர்ந்த நாளில் பக்கத்தில் இருந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பட்டியலே வரும். அப்போய்க்கு அந்தப் பட்டியலில் யார் இருந்தார்கள்? மணியத்தின் பிரம்பைத் திட்டிவிட்டு நிறுத்துவதும் போதாது. அடியைத் தவிர வேறு வழி அந்த அப்பாவுக்கு யாரும் காட்டவில்லை.

கோயில் கூட்டங்களில் தேர் அலங்காரத்துக்குச் சில நிமிடங்களில் பணம் எழுதிவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து, நம் ஊரில் பள்ளியை விட்டு நின்ற பையன்கள் யார் யார், அவர்கள் வீட்டுக்கு நம்மில் யார் போகப் போகிறோம் என்று கேட்கட்டும்.