எண்பதாயிரம் கலம் நெல்

1780-களின் தொடக்கம். ஹைதர் அலியின் படை காவிரிக் கரையைச் சூறையாடியிருந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினிச் சாவு. வெளியே நெல் இருந்தது. கொண்டுவரத்தான் பொதிமாடு இல்லை. ராஜா துளஜா ஆணையிட்டும் குடியானவர்கள் அசையவில்லை. முன்பு உழைத்ததற்கே அவர்களுக்குக் கூலி வந்து சேரவில்லை.

கடைசியில் ஜெர்மன் போதகர் ஸ்வார்ட்ஸை நாடினார்கள். அவர் ஜெபத்தில் ஊறியவர். ஆனாலும் மக்களைப் பார்த்து விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவில்லை. கூலி கைக்கு வரும், அதற்குத் தாமே பொறுப்பு என்று சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. அவருடைய உபதேசியாரும் சபையார் சிலரும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போய், எண்பதாயிரம் கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஸ்வார்ட்ஸ் குடியானவர்களுக்குக் கூலியைக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்.

பிலிப்பி சபைக்காகப் பவுல் வேண்டிக்கொண்டது இப்படிப்பட்ட, பகுத்தறியத் தெரிந்த அன்பைத்தான். பசித்தவனுக்காக உருகுவது எளிது. அவனுக்கும் நெல்லுக்கும் நடுவே யாருடைய கூலி பாக்கி நிற்கிறது என்று கண்டுபிடிக்க, ஜெபத்தோடு விசாரிப்பும் வேண்டும். நம் ஜெபங்களில் இந்த விசாரிப்பு மிகவும் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

ஸ்வார்ட்ஸின் இதே பகுத்தறிதல் பின்னரும் வெளிப்பட்டது. 1787-இல் மரணப்படுக்கையில் இருந்த துளஜா, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். அரசாளும் காரியம் தம் ஊழியமல்ல என்று உணர்ந்த ஸ்வார்ட்ஸ் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. ஆனால் பிற்பாடு அந்தப் பிள்ளைக்கு அரண்மனையிலேயே துன்பம் வந்தபோது, அவனுக்காகப் பேசவும் அவன் படிப்புக்கு வழிசெய்யவும் முன்னால் நின்றார்.