மிச்சமிருக்கும் பாட்டுகள்

சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தோற்றவருக்குக் கைக்காசு நஷ்டமில்லை. அரசியல் பேசினால் வரும் மனத்தாங்கலும் இதில் வராது. அதனால்தானோ என்னவோ, எங்கள் நண்பர் கூட்டம் கூடினாலே பேச்சு சினிமாவில்தான் போய் நிற்கும். மற்றப் படங்களைப் பற்றிய வழக்கெல்லாம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். 'மம்மா மியா' இரண்டாம் பாகம் பற்றிய வழக்கு மட்டும் தீரவே இல்லை. படம் வந்தது 2018இல். இன்றும் யாராவது பேச்செடுத்தால் போதும், டீ ஆறிப்போகும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஆப்பா என்பது ஸ்வீடன் நாட்டுப் பாட்டுக் குழு. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். 1974இல் யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தார்கள். எட்டு ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்துவிட்டு, 1982 முடிவில் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பாட்டுகளைக் கோத்துக் கேத்தரின் ஜான்சன் ஒரு கதை எழுதினார். 1999இல் லண்டனில் அது மேடையேறியது, 2008இல் படமானது. கிரேக்கத் தீவு ஒன்றில் ஓட்டல் நடத்தும் டோனாவின் மகள் சோஃபிக்குக் கல்யாணம். அப்பா யார் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவின் பழைய டைரியைப் படித்துவிட்டு, அப்பாவாக இருக்கக்கூடிய மூன்று பேருக்கும் அழைப்பிதழ் அனுப்பிவிடுகிறாள். மூன்று பேரும் வந்து இறங்குகிறார்கள். டோனாவாக மெரில் ஸ்ட்ரீப். வசூல் 60 கோடி டாலருக்கு மேல்.

இந்த வகைக்கு ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்று பெயர். நம் ஊரில் இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், அப்புறம் பாட்டு பிறக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். பாட்டு எப்போதோ பிறந்து உலகம் சுற்றி வந்துவிட்டது. கதைதான் அதற்கு ஏற்றபடி வளைந்துகொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்துக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம். ஊருக்கே தெரிந்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றை முதல் படமே செலவழித்துவிட்டது. 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' போயிற்று, 'மணி, மணி, மணி' போயிற்று. டோனாவும் போய்விட்டாள், கதை தொடங்கும்போது அவள் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இயக்குநர் ஓல் பார்க்கருக்கு மிஞ்சியது அம்மா இல்லாத ஒரு வீடும், பெரும்பாலும் ரசிகர்களைத் தவிர மற்றவர்கள் அதிகம் கேட்டிராத பாட்டுகளும்தான்.

எங்கள் கூட்டத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய குற்றப்பத்திரிகை முழுக்க எண்கள். "டோனாவோட அம்மாவா வர்றது ஷேர். பொறந்தது 1946. மெரில் ஸ்ட்ரீப் பொறந்தது 1949. மூணு வயசுல பிள்ளையா?" என்று ஆரம்பிப்பார். "அந்தப் பாட்டி 1959ல மெக்ஸிகோவுல ஒருத்தரைக் காதலிச்சாங்களாம். டோனா காலேஜ் முடிக்கிறது 1979ல. அப்ப 59ல அது கைக்குழந்தை. குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க?" முதல் படத்தில் டோனா தன் அம்மாவை மேலே போய்ச் சேர்ந்துவிட்டவர் போலப் பேசுவாள் என்பதையும் மறக்காமல் எடுத்துவைப்பார். கடைசியில் தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார்: "பாட்டும் தீர்ந்துபோச்சு, கதையும் தீர்ந்துபோச்சு. வசூல் ஆசை மட்டும் தீரலை."

வங்கியில் வேலை பார்க்கும் தோழி ஒருவர் ஒருநாள் இதற்குச் சொன்ன பதில் எனக்குள் தங்கிவிட்டது. "சார், எல்லாம் தீர்ந்துபோன பிறகு என்ன பண்றதுங்கிறதுதானே அந்தப் படமே?"

வாத்தியாரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் என் ஓட்டு தோழிக்குத்தான்.

படம் நெடுக ஓட்டல் மேனேஜராக ஆண்டி கார்சியா வருவார். எல்லோரும் அவரை சியென்ஃபுவேகோஸ் என்று குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விருந்து நடக்கும் இரவில் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார் பாட்டி ஷேர். மேனேஜரைப் பார்த்ததும் அவருடைய முதற்பெயரைச் சொல்லிவிடுகிறார்: ஃபெர்னாண்டோ. அவ்வளவுதான், பாட்டு தொடங்கிவிடுகிறது, வானத்தில் வாணவேடிக்கை. ஒரு பாட்டை நுழைப்பதற்காக ஒரு மனிதருக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கடைசிவரை ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்தப் பாட்டு, பழைய போராளி ஒருவர் தன் தோழனோடு போர்க்கால இரவை நினைத்துப்பார்ப்பது. வாத்தியார் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கோ இது நம் எல்லோர் கதையும் போலத்தான் தெரிகிறது. மாமா சொன்னார் என்று சேர்ந்த படிப்பு, காலியிடம் இருந்ததால் கிடைத்த வேலை, மாற்றல் உத்தரவு கொண்டுவந்து சேர்த்த ஊர். எல்லாம் நம்மைக் கேட்காமலே முதலில் வந்துவிட்டன. 'இதற்காகத்தான் நான்' என்கிற கதையை நாம் பின்னால்தான் கோத்துக்கொண்டோம். பின்னால் கோத்தது என்பதால் அது பொய்யாகிவிடவில்லை. அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் காலையில் எழுந்து வேலைக்குப் போனோம்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறோம். முதல் சம்பளம், கல்யாணம், பிள்ளைப்பேறு, சொந்த வீடு என்று பெயர்பெற்ற பாட்டுகளெல்லாம் ஒலித்து ஓய்ந்தாயிற்று. உடன் ஆடியவர்களில் சிலர் இல்லை. இனி எதை வைத்துக்கொண்டு நாளை நகர்த்துவது என்ற கேள்வி வரும்போது, அந்தப் படத்தின் முடிவை ஒட்டி வரும் ஒரு காட்சி பதில் மாதிரி ஒன்றைக் காட்டுகிறது.

சோஃபி தன் கைக்குழந்தையோடு ஞானஸ்நானத்துக்காகத் தேவாலயத்துக்கு வருகிறாள். அதே இடத்தில், பல வருஷங்களுக்கு முன், இளம் டோனா கைக்குழந்தை சோஃபியோடு நிற்பதும் இடையிடையே வருகிறது. அதுவரை படத்தில் நேரில் வராத மெரில் ஸ்ட்ரீப் அப்போது தோன்றி மகளோடு சேர்ந்து 'மை லவ், மை லைஃப்' பாடுகிறார். 1976இல் வந்த 'அரைவல்' ஆல்பத்தில் இருந்த பாட்டு அது. காதலர் பிரிவைப் பாடியதை, வரிகளைச் சற்று மாற்றி, இறந்த தாய்க்கும் பெற்ற மகளுக்குமாக ஆக்கியிருக்கிறார்கள். 'டான்சிங் குவீன்' ஒலித்தால் நமக்கு நம் இளமை ஞாபகம் வந்துவிடும்; திரையில் இருப்பவர்கள் பின்னுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பாட்டோடு பெரும்பாலோருக்கு அப்படி எந்த உறவும் இல்லை. அதனால் எதிரே நிற்கிற அம்மாவையும் மகளையும் மட்டும் பார்க்கிறோம். ஓரத்தில் கிடந்த பாட்டு என்பதே அதற்குப் பலமாகிவிடுகிறது.

படம் சறுக்குகிற இடமும் உண்டு. முதல் படத்தில் தீவுப் பெண்கள் போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, டோனாவின் பின்னால் திரண்டு, படகுத்துறையிலிருந்து கடலில் குதிப்பார்கள். 'டான்சிங் குவீன்' பாட்டுக்கு அதைவிட நல்ல காட்சி அமையாது. இரண்டாம் படம் அதே பாட்டைப் படகுகள் நிறைய ஆட்களோடு மறுபடி பாடுகிறது. ஆட்கள் அதிகம், ஆனால் பழைய துள்ளலைக் காணோம். பழைய நண்பர்கள் கூடி, கல்லூரிச் சுற்றுலா போன அதே மலையூருக்கு, அதே லாட்ஜுக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். போட்டோ நன்றாக வரும். பேச்சு முட்டிவலிக்கும் சர்க்கரைக்கும் திரும்பிவிடும்.

பழைய உச்சத்தை அப்படியே திருப்பி எடுக்கப் போனால் இரண்டாம் பாகம் தோற்கும். முதல் ஓட்டத்தில் நாம் கவனிக்காமல் விட்டதை எடுத்தால் அதற்கு உயிர் வரும். பல வருஷமாகப் பேசாமல் விட்ட தம்பி, பாதியில் நிறுத்திய சங்கீதம், ஆபீஸ் அவசரத்தில் பெயர்கூடக் கேட்காத எதிர்வீட்டுக்காரர், அலமாரியில் பிரிக்காமலே கிடக்கும் புத்தகம். இவையெல்லாம் அப்போது வரிசையில் பின்னால் நின்றவை. மட்டமானவை என்று யாரும் தீர்மானித்து ஒதுக்கவில்லை.

ஆப்பா குழுவே இதற்குச் சாட்சி. கிட்டத்தட்ட நாற்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு, 2021இல் 'வாயேஜ்' என்ற ஆல்பம் வெளியிட்டார்கள். பத்துப் பாட்டு. அதில் 'ஜஸ்ட் எ நோஷன்' 1978இலேயே பாடிப் பதிவுசெய்து, வேண்டாமென்று ஒதுக்கிவைத்தது. அன்றைய குரலை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக வாத்தியம் சேர்த்து முடித்தார்கள்.

வாத்தியாரிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். "வசூல் 40 கோடி டாலர்கிட்டதானே? முதல் படத்தைவிடக் கம்மிதானே?" என்றார். கம்மிதான். அதை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் முதல் பாகத்தின் வசூலை இரண்டாம் பாகத்திடம் கேட்பது நியாயமில்லை என்பது என் கட்சி. படத்துக்கும் அப்படித்தான், ஆளுக்கும் அப்படித்தான். உங்கள் ஹிட் பாட்டுகள் முடிந்துபோனதாகத் தோன்றினால், பாடாமல் விட்டவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அது நினைத்ததைவிட நீளமாகவே இருக்கும்.