தண்ணீர் ஊற்றுவது யார்?

அமெரிக்காவில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் பகுதிநேர வேலை. ஆண்டுக்கு 10,000 டாலர் வருமானம். அதில் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டு வருமான வரிச் சட்டம் ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர் சலுகை தருகிறது. இவளுக்கு 4,400 வருமா? வராது. முதல் 2,500 டாலர் சம்பாத்தியத்தைச் சட்டம் கணக்கிலேயே எடுக்காது; மீதிக்கு டாலருக்கு 15 சென்ட். மொத்தம் 1,125. நான்கு லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதியின் இரண்டு பிள்ளைகளுக்கோ 4,400 முழுசாக. 2025இல் 2,000 டாலராக இருந்த சலுகையை 2,200 ஆக்கினார்கள். இந்தத் தாய்க்கு அதில் ஒரு சென்ட்கூடக் கூடவில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கால் வயிறு போதும் என்று எந்த மருத்துவர் சொன்னார்?

“வருமான வரியே கட்டாதவளுக்கு வரிச் சலுகை எதற்கு?” படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். அவள் எதுவுமே கட்டவில்லையா? முதல் டாலரிலிருந்தே சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிக்கிறார்கள். 10,000 டாலரில் 765 டாலர் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது. வசதியுள்ளவர் வீட்டுக்கடன் வட்டியைக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டால் அதை யாரும் பிச்சை என்பதில்லை. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பொறியாளர்களும், அங்கே பிறந்த தம் பிள்ளைகளுக்காக இதே சலுகையை வாங்குகிறார்கள். தலைகுனிந்தா வாங்குகிறார்கள்? குனிய வேண்டியதில்லைதான். பிறகு அந்தத் தாயை மட்டும் ஏன் குனியச் சொல்கிறோம்?

உழைப்பவர்களுக்கு மட்டும் என்பது அடுத்த வாதம். உழைக்கும் ஏழைகளுக்கென்றே 1975இல் இன்னொரு வரிச் சலுகை வந்தது. அது லட்சக்கணக்கான குடும்பங்களைத் தாங்குகிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நோயாலோ ஆலை மூடியதாலோ ஓர் ஆண்டு முழுக்க வேலை இல்லாமல் போனால்? இரண்டு சலுகையுமே பூஜ்யம். வீட்டில் காசு அறவே வற்றிப்போன ஆண்டில்தான் சட்டம் கையை விரிக்கிறது. பெற்றவர்களுக்குப் பாடம் கற்பிக்கப் பிள்ளையின் வயிற்றையா பணயம் வைப்பது? எந்த வீட்டில் பிறப்பது என்று அது தேர்ந்தெடுத்ததா?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். ஊற்றுவது யார் என்று 2021 காட்டியது. அந்த ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர், 17 வயது வரையுள்ள மற்ற பிள்ளைகளுக்கு 250 டாலர் அனுப்பினார்கள். வருமானமே இல்லாத வீட்டுக்கும் போனது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவையின்படி அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதம். உதவி நின்ற 2022இல் அது 12.4 சதவீதம். இடையில் என்ன நடந்தது? ஒரே ஆண்டில் தாய் தகப்பன்மார் சோம்பேறிகளாகிவிட்டார்களா? ஆண்டவனின் கருணை வற்றிவிட்டதா?

நடந்தது இதுதான்: அந்த மாத உதவியை நீட்டிக்க செனட்டில் ஆதரவு கிடைக்கவில்லை. குடியரசுக் கட்சியின் 50 பேரும் எதிர்த்தார்கள். ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்ச்சினும் ஆதரிக்க மறுத்தார். விதியல்ல, சாபமல்ல, பெயரும் முகவரியும் உள்ள மனிதர்கள். அவர்களை அனுப்பிவைத்த வாக்காளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சம்பாத்தியம் 2,500 டாலரைத் தொடாத வீட்டில் குழந்தை இந்த மாதம் எதைச் சாப்பிட வேண்டும் என்று, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.