ஆறு நொடிக்கு ஒரு மூச்சு

மயிலாப்பூர் சித்திரைக்குளம் பக்கத்திலிருந்து அத்தையை 108-ல் ஏற்றிக்கொண்டு போன இரவு. ராயப்பேட்டை நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. அதற்கே கைகூப்பத் தோன்றியது.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு, "ரெட்" என்றார். வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற கணக்கு அங்கே செல்லாது. யாருடைய மூச்சு முதலில் நின்றுவிடுமோ அவருக்குத்தான் முதலிடம். இதைவிட நியாயமான வரிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

டியூப் போட்டார்கள். ஐசியூவில் படுக்கை இல்லை. வெண்டிலேட்டர் வரும்வரை ஒரு பயிற்சி மருத்துவர் ஆம்பு பேக்கைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வயதிருக்கும். ஆறு நொடிக்கு ஒரு முறை அழுத்துவார், விடுவார், அத்தையின் நெஞ்சு எழும்புகிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் மானிட்டர் கத்தியபடி இருந்தாலும் அவர் கண் நெஞ்சின்மேல்தான். கை மாற்றியபோதும் எண்ணிக்கை பிசகவில்லை. பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் காற்று வெளியேற நேரமில்லாமல் நுரையீரலிலேயே தங்கும், ரத்த அழுத்தம் விழும் என்று பிறகு படித்தேன். சுற்றிலும் அத்தனை ஓட்டம். அவர் மட்டும் நிதானமாக நின்றார்.

*

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத்தசை முடங்கியவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்து, இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரின் யோசனை அது. சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றைய ஐசியூ அதன் தொடர்ச்சியாகத்தான் பிறந்தது. அறையும் இயந்திரமும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது ஒரு மாணவரின் கை.

2021 மே மாதம், கொரோனா அலையின்போது, சென்னை அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றபோது, வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் கொடுத்துக் காத்தார்களே, அதையும் தீவிர சிகிச்சை என்றே சொல்வேன்.

*

விடிகாலையில் படுக்கை கிடைத்தது. அந்தப் பயிற்சி மருத்துவரிடம், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த ரெட் பக்கம் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் அத்தைக்கு டியூப்பை எடுத்தார்கள்.

*

அத்தையைக் கொண்டுபோன அந்த இரவு பயிற்சி மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டு, மாத்திரை டப்பாவைத் தேடவைத்து, பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்வதற்குள் ஏழெட்டு நிமிஷம் போய்விட்டது. அது அத்தையின் நேரம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.