பரிவும் நீதியும்

ஒருவர் நல்லவராக இருப்பதும் அவர் சார்ந்து வாழும் ஏற்பாடு நல்லதாக இருப்பதும் ஒன்றாகுமா? தோட்டப்புற வரலாறு எழுப்பும் அறவினாக்களுள் இது முதன்மையானது.

1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஹான்றி ஃபோகோனியே, கோல சிலாங்கூர் மாவட்டத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் கண்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கியவரும் அவரே. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ், ஆங்கிலேயத் துரைமார் நடுவே தொழில் நடத்திய அவர் கலையுள்ளமும் வாய்க்கப் பெற்றவர். மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் இயற்றிய புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. இம்மண்ணை அவர் நேசித்தார் என்பதற்கு அந்நூலே சான்று.

ஆயினும், நேசித்த துரையின் தோட்டமும் நேசிக்காத துரையின் தோட்டமும் ஒரே அடித்தளத்தின்மீதுதான் நின்றன. தமிழகத்துச் சிற்றூர்களில் கங்காணி ஆள் திரட்டினார். கடன் சுமந்தே பலர் கப்பலேறினர். தங்கள் கூலியை வரையறுப்பதில் அவர்களுக்குக் குரல் இருந்ததில்லை. நல்ல துரை வாய்த்தால் வசை குறையலாம். நோயுற்ற நாளில் மருந்து கிடைக்கலாம். அவர் கப்பலேறித் தாயகம் திரும்பினால் அந்த நன்மையும் அவருடனேயே போய்விடும். கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது பரிவு. பெறுபவரின் உரிமையைப் பொறுத்தது நீதி.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்றனர். துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். அக்கோரிக்கைகளுக்கு விடையாகப் படை வந்தது, உயிர்கள் பலியாயின. மிதிவண்டியில் அமர்ந்தபடியே துரையைக் கடந்து செல்வதற்கு அவருடைய அன்பு தேவையில்லை. தானும் மனிதனே என்ற மதிப்பு போதும்.

அங்ஙனமாயின் பரிவு பயனற்றதோ? அன்று. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கண்ணோட்டத்துக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகுமெனில் இரண்டு எதற்கு? நீதி இல்லாத இடத்தில் பரிவு, காயத்தின்மேல் இட்ட துணியாக மட்டுமே நிற்கும். காயப்படுத்தும் கையை அது தடுப்பதில்லை.

இவ்வினா பழைய துரைமாரோடு முடிந்துவிடவில்லை. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை அறுப்போருள் மிகப் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து கடன்பட்டு வந்தவர்கள். தம் பாட்டன் பாட்டியரின் துயரை மேடைதோறும் எடுத்துரைக்கும் தமிழர், இப்புதியவர்களுக்கு இரக்கத்தை மட்டும் வழங்குவார்களா, அவர்தம் உரிமைக்கும் குரல் கொடுப்பார்களா?